ஹேமரா ஸ்டிரைக்கரா? ஒரு மாடர்ன் பிஸ்டல பிரிச்சுப் பாத்துப் புரிஞ்சுக்கிறது எப்படி

பிஸ்டல்னு பேச்சு வந்தாலே ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுறாங்க. 1911, ஹை பவர், பெரெட்டா 92 மாதிரி பின்னாடி ஹேமர் (சுத்தியல் மாதிரி அடிக்கிற பாகம்) நீட்டிக்கிட்டு நிக்கிற உலோகத் துப்பாக்கி ஒரு பக்கம், கிளாக் மாதிரி ஹேமரே இல்லாம இருக்குற பாலிமர் (பிளாஸ்டிக்) துப்பாக்கி இன்னொரு பக்கம், அது பழசு இது புதுசு, முடிஞ்சது. ஆனா இப்ப அமெரிக்காவுல ஒரு கன் ஷாப்புக்குள்ள போய் கண்ணாடி கவுன்டர்ல இருக்குறத வரிசையா பாத்தா இந்தக் கணக்கு ஒத்தே வராது. ஸ்டிரைக்கர் துப்பாக்கியில (ஹேமருக்குப் பதிலா ஸ்பிரிங் போட்ட பின்னே நேரா குத்துற ரகம்) 1911 மாதிரி டிரிகர் இருக்கும், பாக்க கிளாக் மாதிரி இருக்குறதுக்குள்ள ஹேமர் ஒளிஞ்சிருக்கும், 2014-ல வந்த டிசைன்ல நூறு வருஷத்துக்கு முந்தின தம்ப் சேஃப்டி (கட்டைவிரலால போடுற பூட்டு) உக்காந்திருக்கும். எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாதான் கடைக்காரர் சொல்றதும் புரியும், விளம்பரத்துல போடுறதும் புரியும்.

இத எழுதுறது அங்க சட்டப்படி வாங்க நினைக்கிற நம்ம ஆளுங்களுக்கும், வாங்குற எண்ணமே இல்லாம ஒரு மெஷினா இதப் பாத்து ரசிக்கிறவங்களுக்கும் தான். இந்தியாவுல 9 எம்எம் பாராபெல்லம்ங்கற தோட்டா பொதுமக்களுக்குத் தடை செஞ்ச போர் (குழல் அளவு) வகை, அதனால நான் கீழ சொல்ற முக்கால்வாசி துப்பாக்கி நம்ம ஊர்ல லைசென்ஸ் இருந்தாலும் கிடைக்காது. உள்ள கை வச்சு ஸ்பிரிங் மாத்துறது, சியர் (ஏறி நிக்கிற ஹேமரையோ ஸ்டிரைக்கரையோ பிடிச்சு வைக்கிற கொக்கி) தேய்க்கிறது இதெல்லாம் இங்க கிடையாது, அது படிச்ச ஆர்மரர் (துப்பாக்கி மெக்கானிக்) வேலை.

முழுக்க மனசுல வச்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு. டிரிகர் எவ்வளவு லேசா, எவ்வளவு குட்டையா இருக்கோ, அந்த அளவுக்கு வேற எங்கயாவது ஒரு பூட்டு இருந்தாகணும். பழைய டிசைன் அந்தப் பூட்ட வெளிய வச்சுது, கிளாக் வந்து உள்ள வச்சுது, இப்ப வர்றவங்க ரெண்டையும் விதவிதமா கலக்குறாங்க. ஒரு பிஸ்டல கையில எடுத்தா நீங்க தேட வேண்டியது அந்தப் பூட்டு எங்க இருக்குன்னு தான்.

மொதல்ல கையில வாங்குறது

இது தெரிஞ்சவங்களுக்கும் திரும்பத் திரும்ப சொல்லணும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போதே அவரே மேகசின (தோட்டா அடுக்குற பெட்டி) கழட்டி ஸ்லைட (மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) பின்னாடி லாக் பண்ணிக் காட்டித்தான் கொடுப்பார், கொடுக்கலைன்னா கேளுங்க. அப்புறம் நீங்களும் பாக்கணும். மேகசின் மொதல்ல வெளிய வரணும், அதுக்கப்புறம் தான் ஸ்லைடு, இந்த வரிசை மாறவே கூடாது, ஏன்னா மேகசின் உள்ள இருக்கும்போது ஸ்லைட இழுத்து விட்டா நீங்களே ஒரு ரவுண்ட (தோட்டாவ) சேம்பருக்குள்ள (சுடுறதுக்குத் தோட்டா உக்காருற எடம்) ஏத்தி விட்டுடுவீங்க. ஸ்லைடு பின்னாடி நிக்கும்போது சேம்பருக்குள்ள கண்ணால பாருங்க, சுண்டுவிரல விட்டும் தடவிப் பாருங்க. முன்பக்கம் யார் பக்கமும் திரும்பக் கூடாது, விரல் டிரிகர் கார்டுக்கு (டிரிகரச் சுத்தி இருக்குற வளையம்) வெளிய ஃப்ரேம் (கைப்பிடியோட சேந்த அடிப்பாகம்) மேல நீளமா படுத்திருக்கணும். டிரிகர் இழுத்துப் பாக்கணும்னா "டிரை ஃபயர் பண்ணலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, கடைக்காரர் காட்டுற பாதுகாப்பான பக்கம் திருப்பி மட்டும் பண்ணுங்க.

பின்பக்கத்தப் பாருங்க, ஆனா அத மட்டும் நம்பாதீங்க

தோட்டாவோட அடியில இருக்குற பிரைமர யாராவது ஒருத்தர் ஓங்கிக் குத்தணும், அப்பதான் வெடிக்கும். ஹேமர் டிசைன்ல ஒரு ஹேமர் சுத்தி வந்து ஃபயரிங் பின்ன அடிக்கும், பின் போய் பிரைமர குத்தும். ஸ்டிரைக்கர் டிசைன்ல நடுவுல ஆளே கிடையாது, ஸ்பிரிங் போட்ட ஒரு தடிமனான பின் ஸ்லைடுக்குள்ளயே பின்னாடி இழுபட்டு நிக்கும், விட்டதும் நேரா போய் குத்தும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால ஸ்லைடோட பின்பக்கத்துல ஹேமர் நீட்டிக்கிட்டு இருந்தா ஹேமர் துப்பாக்கின்னு கண்ண மூடிட்டு சொல்லிடலாம். தட்டையா ஒரு பிளேட் மூடி இருந்தா ஸ்டிரைக்கர்னு சொல்லிட முடியாது, இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஸ்மித் அண்ட் வெசனோட ஷீல்ட் ஈஇசட் 2018-ல வந்துச்சு, பாக்குறதுக்கு அச்சு அசலா ஸ்டிரைக்கர் துப்பாக்கி, ஆனா உள்ள ஹேமர் இருக்கு. ரூகர் செக்யூரிட்டி-9, 2023-ல வந்த எஃப்என் ரிஃப்ளெக்ஸ் ரெண்டும் அதே ரகம். ஏன் இப்படி பண்றாங்கன்னா, ஹேமருக்குக் கொஞ்சம் கனம் இருக்கு, அந்தக் கனமே அடிக்கு உதவுறதால டிசைன் பண்றவருக்கு ஸ்பிரிங் விஷயத்துல கொஞ்சம் கை தளர்வு கிடைக்குது, ஷீல்ட் ஈஇசட்-ல அத வச்சு ஸ்லைட சுலபமா இழுக்கற மாதிரி பண்ணிட்டாங்க. மூட்டுவலி இருக்குறவங்க, கைல வலு கம்மியா இருக்குற வயசானவங்க இவங்களுக்கெல்லாம் இது பெரிய விஷயம், சாதாரண குட்டி ஸ்டிரைக்கர் பிஸ்டல் ஸ்லைட இவங்கள்ல நிறைய பேரால முழுசா இழுக்கவே முடியாது. சந்தேகம் வந்தா மேனுவல்ல "இன்டர்னல் ஹேமர்"னு போட்டிருக்கான்னு பாருங்க, அதுதான் உறுதி.

அப்புறம், ஸ்டிரைக்கர்னா ஏதோ 1980-கள்ல பொறந்ததுன்னு நினைக்காதீங்க. 1911-ஐ டிசைன் பண்ணின அமெரிக்கர் ஜான் மோசஸ் பிரவுனிங், எஃப்என்-ங்கற பெல்ஜியக் கம்பெனிக்கு பண்ணிக் கொடுத்த 1900 மாடலே ஸ்டிரைக்கர் தான், லூகர் ஸ்டிரைக்கர் தான். இன்னும் ஆச்சரியம் என்னன்னா, பின்னாடி ஹை பவரா ஆன துப்பாக்கிய 1923-ல பேடன்ட்டுக்குப் போட்டப்ப பிரவுனிங் அதயும் ஸ்டிரைக்கராத்தான் வரைஞ்சிருந்தார். அவர் 1926-ல பெல்ஜியத்துல, லியேஜ்ல வேலை எடத்துலயே இறந்துட்டார், அதுக்கப்புறம் எஃப்என் டிசைனர் டியூடோனே சைவ் வளர்த்தெடுத்து 1935-ல வெளிய வந்தப்ப அது ஹேமர் துப்பாக்கியா மாறியிருந்துச்சு. நம்ம இந்திய ராணுவமும் போலீசும் வச்சிருக்குற இஷாப்பூர் ஃபேக்டரியோட பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ இருக்கே, அது அந்த ஹை பவர் வம்சம் தான்.

எவ்வளவு தூரம் ஏத்தி வச்சிருக்கு?

கட்டுரையிலேயே முக்கியமான எடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

உண்டிவில்ல ரப்பர முழுசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கும், பாதி இழுத்து வச்சுக்கிட்டு அடிக்கிற நேரத்துல மீதிய இழுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. 1911 முழுசா இழுத்த கேஸ். ஹேமர் முழுசா பின்னாடி நிக்கும், டிரிகருக்கு இருக்குற ஒரே வேலை சியர நகத்தி அத விடுறது, அதனால தான் இழுப்பு குட்டையா, கண்ணாடி ஒடையுற மாதிரி பளிச்சுன்னு இருக்கு. இத சிங்கிள் ஆக்ஷன்னு சொல்றாங்க. கிளாக் பாதி இழுத்த கேஸ். ஸ்லைடு போய் வரும்போது ஸ்டிரைக்கர் ஓரளவு தான் பின்னாடி நிக்கும், நீங்க டிரிகர இழுக்கும்போது தான் மீதி தூரம் பின்னாடி போய் அப்புறம் விடுபடும். பெரெட்டா 92, வால்தர் பி38 மாதிரி டபுள் ஆக்ஷன் துப்பாக்கியில மொத ஷாட்டுக்கு ஹேமர் கீழ படுத்திருக்கும், டிரிகரே அத முழுசா தூக்கி விடணும், அதனால மொத இழுப்பு நீளமா கனமா இருக்கும், ரெண்டாவதுலேர்ந்து லேசாயிடும்.

இதுக்குப் பின்னாடி ஒரு அழகான வரலாறு இருக்கு. 1900-களோட ஆரம்பத்துல எல்லா ராணுவத்துக்கும் ஒரே தலைவலி, குதிரைப்படை. ஒரு கையில கடிவாளம், இன்னொரு கையில துப்பாக்கி, குதிரை எகிறினா விரல் தவறி டிரிகர் மேல அழுத்திடும். அமெரிக்கக் குதிரைப்படை கேட்டதுக்காக பிரவுனிங் தன்னோட டிசைன்ல கட்டைவிரல் பூட்டச் சேத்தார், கிரிப் சேஃப்டி (கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சா மட்டும் தொறக்குற பூட்டு) ஏற்கனவே இருந்துச்சு, 1911-ல அது ராணுவத் துப்பாக்கியாச்சு. ஆஸ்திரியா-ஹங்கேரி வேற வழி பாத்துச்சு. அவங்க குதிரைப்படைக்குப் போன ராத்-ஸ்டெயர் 1907-ல ஸ்டிரைக்கர் பாதி தான் ஏறி நிக்கும், மீதிய டிரிகர் தான் ஏத்தணும், அதாவது வெளிய பூட்டு வைக்காம இழுப்பையே பூட்டா ஆக்கிட்டாங்க. 75 வருஷம் கழிச்சு 1982-ல அதே ஆஸ்திரியாவுல காஸ்டன் கிளாக்கோட 17 ராணுவத்துக்குள்ள நுழைஞ்சப்ப உள்ள இருந்ததும் அதே பாதி ஏத்துற தத்துவம் தான். குதிரை போயிடுச்சு, ஆனா அந்த ரெண்டு பதிலும் இன்னும் நம்ம கையில இருக்கு.

இப்ப வர்ற ஸ்டிரைக்கர் பிஸ்டல் நிறைய பேரு அந்தப் பாதி கதைய விட்டுட்டாங்க. சிக் சாவர் பி320, வால்தர் பிபிகியூ, எச்கே விபி9, ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்டி, இதுல எல்லாம் ஸ்டிரைக்கர் முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ ஏறி நிக்கும், டிரிகர் விட மட்டும் தான் செய்யுது. பேருக்கு ஸ்டிரைக்கர், நடத்தையில 1911. பிபிகியூ டிரிகர இழுத்துப் பாத்தவங்க ஏன் அத விட்டு வர மாட்டேங்குறாங்கன்னா இதனால தான்.

இதுக்கு நேர் எதிர் பக்கமும் ஒரு கலவை இருந்துச்சு, வால்தர் பி99. 1990-கள்ல வந்தது. ஸ்டிரைக்கர் துப்பாக்கி, ஆனா பெரெட்டா மாதிரி மொத இழுப்பு நீளம், அடுத்தது குட்டை, ஸ்லைடு மேல ஒரு டீகாக்கர் பட்டன் கூட இருக்கும், அழுத்தினா ஸ்டிரைக்கர் இறங்கிடும். ஏறி நிக்கும்போது பின்பக்கம் ஒரு சிவப்பு முனை வெளிய எட்டிப் பாக்கும், கண்ணால பாக்கலாம், இருட்டுல விரலாலயும் தடவலாம். ஹேமர் துப்பாக்கியில ஹேமரப் பாத்தே நெலைமை தெரிஞ்சுக்குற வசதிய ஸ்டிரைக்கருக்குள்ள கொண்டு வந்த இந்த டிசைன் எனக்கு ரொம்பப் பிடிச்சது, இன்னும் நிறைய பேர் இத பின்பத்தியிருக்கணும்னு நினைக்கிறேன்.

கடையில இத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, காலியான துப்பாக்கியில ஸ்லைட இழுத்து விட்டுட்டு (மேகசின் வெளிய!) டிரிகர மெதுவா, ரொம்ப மெதுவா இழுங்க. மொதல்ல காலியா கொஞ்சம் நகரும், அது டேக்கப். அப்புறம் ஒரு எடத்துல முட்டும், அது வால். அதத் தாண்டினா விடுபடும், அது பிரேக். அந்த முட்டுற எடத்துல இன்னும் ஸ்பிரிங்க அழுத்திக்கிட்டே போற மாதிரி இருந்தா டிரிகர் இன்னும் ஏத்துற வேலை செய்யுதுன்னு அர்த்தம், முட்டி நின்னு சட்டுன்னு விட்டா ஏற்கனவே ஏறி நிக்குதுன்னு அர்த்தம். சும்மா படக்குன்னு ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டு "நல்லா இருக்கு"ன்னு வைக்கிறதுல ஒண்ணுமே தெரியாது. கிளாக்கோட ஸ்டாண்டர்ட் இழுப்பு ஏறக்குறைய 5.5 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல ரெண்டரை கிலோ, ஆனா நம்பரை விட அந்த ரெண்டரை கிலோ எவ்வளவு தூரத்துல பரவியிருக்குங்கறது தான் கைக்குத் தெரியும்.

பூட்டு எங்க இருக்கு?

சரி, ஏறி நிக்குதுன்னு கண்டுபிடிச்சாச்சு. இப்ப மேல சொன்ன கணக்குப்படி பூட்டத் தேடணும்.

1911-ல ரெண்டு வெளிப்பூட்டு, கட்டைவிரல் பக்கம் ஒண்ணு, கைப்பிடி பின்னாடி அழுந்துற கிரிப் சேஃப்டி ஒண்ணு. உள்பூட்டு பழைய மாடல்ல பெரும்பாலும் கிடையாது, கோல்ட் கம்பெனி 1983-ல சீரிஸ் 80-ல தான் ஃபயரிங் பின்ன தடுக்குற பிளாக்க உள்ள சேத்துச்சு. கிளாக்ல வெளிப்பூட்டே இல்ல, மூணும் தானியங்கி: டிரிகர் நடுவுல ஒரு குட்டி நாக்கு, உள்ள ஃபயரிங் பின் பிளாக், கீழ விழுந்தா விடாத டிராப் சேஃப்டி. நீங்க டிரிகர சரியா இழுத்தா மூணும் வரிசையா தொறக்கும், விட்டா மூடிக்கும்.

கலவை டிசைன்ல இதுலேர்ந்து ரெண்டு, அதுலேர்ந்து ஒண்ணுன்னு எடுத்துப் போடுவாங்க. ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்டி, குரோஷியாவுல எச்எஸ்2000-ன்னு பொறந்தது, அதுல கிளாக் மாதிரி டிரிகர் நாக்கும் இருக்கு, 1911 மாதிரி கிரிப் சேஃப்டியும் இருக்கு. ரொம்பப் புது யோசனைன்னு தோணும், ஆனா ஸ்டிரைக்கரும் கிரிப் சேஃப்டியும் சேந்த துப்பாக்கிய பிரவுனிங் 1910-லயே எஃப்என்-க்கு பண்ணிட்டார், 1914-ல சரயேவோவுல கவ்ரிலோ பிரின்சிப் கையில இருந்தது அந்த மாடல் தான்.

பூட்டுக் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு பாக்கணும்னா பி320 கதை தான் பாடம். 2014-ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருந்த பி250-ங்கற ஹேமர் துப்பாக்கியிலேர்ந்து வளர்ந்தது, ஸ்டிரைக்கர் ஏறி நிக்கும், டிரிகர்ல கிளாக் மாதிரி நாக்கு கிடையாது. உள்ள ஸ்டிரைக்கர் பிளாக் இருந்துச்சு. ஆனா 2017-ல, பின்பக்கம் தரையில படுற மாதிரி ஒரு கோணத்துல விழுந்தா வெடிக்குதுன்னு சோதனையில வெளிய வந்துச்சு, காரணம் டிரிகரோட சொந்தக் கனம், துப்பாக்கி தரையில மோதி நின்னதும் டிரிகர் மட்டும் ஓட்டத்துல தொடர்ந்து நகர்ந்து தன்னையே இழுத்துக்குது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல கம்பெனி கனம் கம்மியான டிரிகரோட இலவச அப்கிரேட் அறிவிச்சுது. அதுக்கப்புறமும் டிரிகர தொடாமலேயே வெடிச்சதுன்னு நிறைய வழக்குங்க வந்துச்சு, கம்பெனி அத மறுத்துக்கிட்டே இருக்கு. இதுல எனக்கு முக்கியமா படுறது என்னன்னா, இதே துப்பாக்கிய அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில எம்17-னு எடுத்தப்ப கட்டைவிரல் சேஃப்டி கட்டாயம்னு கேட்டு வாங்குச்சு. 1911 ரத்தத்துல ஊறின ராணுவத்துக்கு ஏறி நிக்கிற ஸ்டிரைக்கருக்கு ஒரு வெளிப்பூட்டு வேணும்னு தோணியிருக்கு. செகண்ட் ஹேண்ட் பி320 யாராவது வாங்குறதா இருந்தா அப்கிரேட் ஆனதா இல்லையான்னு சீரியல் நம்பர வச்சு செக் பண்ணாம தொடாதீங்க.

தம்ப் சேஃப்டி இருந்தா நல்லதா இல்லாட்டி நல்லதான்னு கேட்டா, பழக்கம் தான் பதில். அத ஒவ்வொரு தடவையும் இறக்குறதுக்குக் கை தானா பழகினவங்களுக்கு அது வரம். வருஷத்துக்கு ரெண்டு தடவ ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறவங்களுக்கு பதட்டத்துல அது மறந்து போற சாமான். அப்படிப்பட்டவங்க நீளமான இழுப்பு இருக்குறதா பாத்து வாங்குறது தான் என் அபிப்பிராயம், லேசான டிரிகரும் வேணும் பூட்டும் வேணாம்னு ஆசைப்படுறது தான் இருக்குறதுலயே மோசமான சேர்க்கை.

பேரல் எப்படி பூட்டுது

ஸ்லைட மெதுவா பின்னாடி இழுத்துக்கிட்டே பேரலோட (குழலோட) முன்முனையப் பக்கவாட்டுல இருந்து பாருங்க. ஒரு அளவுக்கு மேல போனதும் பேரலோட பின்பக்கம் சட்டுன்னு கீழ இறங்கி, முனை லேசா மேல தூக்கிக்கும். இது பிரவுனிங் சரக்கு, மேல சொன்ன சேஃப்டி பூட்டு வேற, இது வேற. சுடும்போது பேரலும் ஸ்லைடும் ஒண்ணா பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் போகும், அழுத்தம் கொறஞ்சப்புறம் பேரல் கீழ சாஞ்சு பூட்ட விடும். 1911-ல இத பேரலுக்குக் கீழ இருக்குற ஒரு குட்டி ஊஞ்சல் லிங்க் செய்யுது, மேல வரி வரியா லக் (ஸ்லைடுல மாட்டிக்கிற மேடு) இருக்கும். ஹை பவர்ல லிங்க்க எடுத்துட்டு வெட்டின கேம் (பேரலக் கீழ இறக்குற சாய்வான வெட்டு) போட்டாங்க. 1975-ல வந்த சிக் பி220 வரியையும் எடுத்துட்டு சேம்பர் பகுதிய சதுரமா பண்ணி காலி ஷெல் வெளிய வர்ற ஜன்னல்லயே மாட்ட வச்சுது. இப்ப கிளாக்க எடுத்து அந்த ஜன்னலப் பாருங்க, சதுரக் கட்டி ஒண்ணு ஓட்டைய அப்படியே அடைச்சுக்கிட்டு இருக்கும். ஆக எவ்வளவு பிளாஸ்டிக் இருந்தாலும், ஸ்டிரைக்கரே இருந்தாலும், நெஞ்சுக்குள்ள ஓடுறது பிரவுனிங்கோட வேலை. நீங்க கடையில பாக்குற பெரிய 9 எம்எம் பிஸ்டல் பெரும்பாலும் இந்த ரகம் தான், அதனால இதுல பழசு புதுசுன்னு சண்டை போட எடமே இல்ல.

முழுசா ஒரு கலவை: எச்9

மேல சொன்னதெல்லாம் ஒரே துப்பாக்கியில பாக்கணும்னா ஹட்சன் எச்9-ஐத் தேடிப் பாருங்க. டெக்சாஸ்ல டெம்பிள்-ங்கற ஊர்ல ஒரு சின்னக் கம்பெனி 2017 ஷாட் ஷோங்கற துப்பாக்கிக் கண்காட்சியில இத இறக்குச்சு, அந்த வருஷம் எல்லாரும் பேசினது இதத்தான். உடம்பு ஸ்டீல், கைப்பிடி 1911 சாயல், ஆனா ஹேமர் இல்ல, ஸ்டிரைக்கர்.

டிரிகரப் பாருங்க. கிளாக்ல டிரிகர் மேல ஒரு பின்னுல தொங்கும், இழுத்தா வளைஞ்சு பின்னாடி வரும். 1911-ல அப்படி இல்ல, டிரிகர் தண்டவாளத்துல ஓடுற மாதிரி நேரா பின்னாடி நகரும், மேகசினச் சுத்தி ஒரு வளையமா போய் பின்னாடி சியரத் தள்ளும். எந்த எடத்துல விரல வச்சாலும் அதே எடை தான் தெரியும், அதனாலதான் அந்த டிரிகர ஜனங்க நூறு வருஷமா கொண்டாடுறாங்க. ஹட்சன் அந்த நேரான இழுப்ப ஸ்டிரைக்கர் துப்பாக்கிக்குள்ள வச்சுது.

அதோட நிக்கல. சாதாரணமா ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைட திரும்ப முன்னாடி தள்ளுறது) பேரலுக்கு நேர் கீழ படுத்திருக்கும், அதனால பேரல் கைக்கு மேல ஒசரத்துல போயிடும். எச்9-ல அந்த ஸ்பிரிங்க டிரிகர் கார்டுக்கு முன்னாடி கீழ இறக்கிட்டாங்க, பேரல் கைக்கு ரொம்ப கிட்ட உக்காந்துச்சு. பேரல் எவ்வளவு தாழ்வா இருக்கோ அவ்வளவு முனை எகிறுறது கம்மி, அடுத்த ஷாட்டுக்கு சைட் (குறி பாக்குற முனை) சீக்கிரம் திரும்பி வரும். முன்பக்கம் தாடை தொங்குற மாதிரி ஒரு வினோத உருவம் அதனால தான்.

டிசைன் நல்லா இருந்தும் விலை ஆயிரம் டாலருக்கு மேல, கம்பெனி சின்னது, 2019-ல திவாலாயிடுச்சு. அப்புறம் டேனியல் டிஃபென்ஸ் அந்த டிசைன வாங்கி, அலுமினிய ஃப்ரேம் போட்டு 2024-ல டேனியல் எச்9-னு திரும்பக் கொண்டு வந்துச்சு. யோசனையில உயிர் இல்லைன்னா ஒருத்தர் செத்த துப்பாக்கிய காசு கொடுத்து எழுப்ப மாட்டார்.

கைப்பிடி, ஃப்ரேம்

இது சீக்கிரமா சொல்லிடலாம். பாலிமர் ஃப்ரேம் கிளாக் கண்டுபிடிச்சது இல்ல, எச்கே விபி70 1970-லயே பாலிமரும் ஸ்டிரைக்கரும் சேத்து வந்துடுச்சு, கிளாக் அத ஜனங்க நம்புற மாதிரி பண்ணுச்சு. காலி கிளாக் 17 மேகசின் இல்லாம சுமார் 630 கிராம், ஸ்டீல் 1911 ஒரு கிலோவுக்கு மேல. கனம் தூக்கிட்டுத் திரிய கஷ்டம், சுடும்போது சுகம், அதனால தான் இப்ப ஸ்மித் அண்ட் வெசனோட எம்அண்ட்பி 2.0 மெட்டல், வால்தரோட ஸ்டீல் ஃப்ரேம் மாடல்னு ஸ்டிரைக்கருக்கு மறுபடி இரும்பு அலுமினியம் போட ஆரம்பிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் ஸ்டக்காட்டோ மாதிரி 2011 ரகத் துப்பாக்கிங்க மேல 1911 ஸ்டீல், கீழ பாலிமர் கைப்பிடி, ரெட்டை வரிசை மேகசின்னு எதிர் தெசையிலேர்ந்து வந்து அதே நடு எடத்துல நிக்குது.

கைப்பிடி சாய்வு மட்டும் நீங்களே பாத்தாகணும். 1911-ல ஏறக்குறைய 18 டிகிரி, கிளாக்ல 22 கிட்டன்னு சொல்லுவாங்க, எம்அண்ட்பி 1911 பக்கம். காலியான துப்பாக்கிய பாதுகாப்பான பக்கம் நோக்கிப் பிடிச்சு, கண்ண மூடி, இயல்பா கைய நீட்டி, அப்புறம் கண்ணத் தொறந்து பாருங்க. முன் சைட் பின் சைட்டோட பள்ளத்துல தானா உக்காந்திருந்தா அந்த சாய்வு உங்க மணிக்கட்டுக்கு ஒத்து வருது. மேல தூக்கிக்கிட்டு நின்னா ஒவ்வொரு தடவையும் மணிக்கட்ட வளைக்கப் பழகணும். 1911 பழகின கைக்கு கிளாக் தூக்கித் தான் காட்டும்.

உறையில வைக்கும்போதும் கழட்டும்போதும்

வாங்கினதுக்கப்புறம் விபத்து நடக்குறது பெரும்பாலும் சுடும்போது இல்ல, திரும்ப ஹோல்ஸ்டர்ல வைக்கும்போதும், கிளீன் பண்ணக் கழட்டும்போதும் தான். ஹேமர் வெளிய இருக்குற டபுள் ஆக்ஷன் துப்பாக்கிய உறையில வைக்கும்போது கட்டைவிரல ஹேமர் மேல வச்சுக்கிட்டே வைக்கணும், சட்டை நுனியோ கயிறோ டிரிகர்ல மாட்டி இழுத்தா ஹேமர் அசையுறது விரலுக்குத் தெரிஞ்சிடும், நிறுத்திடலாம். ஸ்டிரைக்கர்ல அந்த அறிகுறி கிடையாது. இதுக்குன்னே கிளாக்கோட பின் பிளேட்டுக்குப் பதிலா மாட்டுற ஸ்டிரைக்கர் கன்ட்ரோல் டிவைஸ்னு ஒண்ணு வருது, கீல் வச்ச பிளேட், டிரிகர் நகர்ந்து ஸ்டிரைக்கர் பின்னாடி வந்தா அந்த பிளேட் உங்க கட்டைவிரல தள்ளும். ஸ்டிரைக்கர் துப்பாக்கிக்கு ஹேமரோட உணர்வ கடன் வாங்கிக் கொடுக்குற சாமான், மறைச்சு எடுத்துட்டுப் போறவங்களுக்கு நான் மனசாரச் சொல்லுவேன். அது இருந்தாலும் இல்லாட்டியும் டிரிகர முழுசா மூடுற விறைப்பான ஹோல்ஸ்டர் வேணும், மெதுவா கண்ணால பாத்து வைக்கணும்.

கழட்டுறதுல, கிளாக்க பிரிக்கணும்னா மொதல்ல டிரிகர இழுத்து ஸ்டிரைக்கர விட்டே ஆகணும், அதாவது சேம்பர பாக்க மறந்தவர் அந்த நிமிஷமே சுட்டுடுவார். எம்அண்ட்பி-ல சியர இறக்குற ஒரு குட்டி லீவர் உள்ள இருக்கு, பி320-ல பக்கத்துல இருக்குற டேக்டவுன் லீவர சுத்தினா போதும், டிரிகரத் தொட வேண்டிய அவசியமே இல்ல. அந்தப் பக்க லீவர் பி220 காலத்து ஹேமர் சிக்லேர்ந்து வந்தது. கடையில நிக்கும்போதே "இதக் கழட்டிக் காட்டுங்க"ன்னு கேளுங்க, காட்டும்போது அவர் விரல் டிரிகர் பக்கம் போகுதா இல்லையான்னு மட்டும் கவனிங்க. போகுதுன்னா, அத வீட்டுல கிளீன் பண்ண உக்காரும்போது தோட்டா ஒண்ணு கூட அந்த ரூம்ல இருக்கக் கூடாது.